ஆர்க்டிக் கடற்பனியின் நகர்வு: காலநிலை மாதிரிக்கு எந்தத் தரவை எடுப்பது?

ஆர்க்டிக் கடற்பனி ஒரு நாளைக்கு ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் வரை நகரும். புயல் வந்தால் முப்பதையும் தாண்டும். கனடாத் தீவுகளின் வட கரையை ஒட்டிக் கிடக்கும் தடித்த பனியோ நாள்கணக்கில் அசையாமலே இருக்கும். இந்த நகர்வைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கிட்டுத் தரும் தரவுத்தொகுப்புகள் பல உள்ளன. முக்கியமானவை எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு மாதச் சராசரியை வரைபடமாகப் போட்டால் எல்லாவற்றிலும் ஒரே காட்சிதான்: பியூஃபோர்ட் கடலில் வலஞ்சுழியாகச் சுழலும் பனி, சைபீரியப் பக்கமிருந்து துருவத்தைக் கடந்து வரும் ஓட்டம், கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் நடுவே ஃபிராம் நீரிணை வழியாக வெளியேறும் பனி.

படம் ஒன்றுபோல இருப்பதால் எதை எடுத்தாலும் சரி என்று தோன்றிவிடுகிறது. அப்படி எடுத்த தரவை வைத்துக் காலநிலை மாதிரியின் (காற்று, கடல், பனியைக் கணினியில் உருவகிக்கும் நிரல்) பனி வலிமை அளவுருவை, அதாவது பனி எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்ற எண்ணைத் திருத்தினால், திருத்தியது மாதிரியின் பிழையையா, தரவின் பிழையையா என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே ‘எது துல்லியமானது’ என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மாதிரியின் எந்தக் குணத்தைச் சோதிக்கப் போகிறீர்கள்? ஆண்டுக்கணக்கான சராசரி ஓட்டமா, நாற்பதாண்டுப் போக்கா, பனி விரிசல் விட்டு உடையும் விதமா, ஃபிராம் வழியே போகும் பனியின் பரப்பா? நான்குக்கும் நான்கு வேறு விடைகள்.

பிக்சலைவிடச் சிறிய நகர்வு

பெரும்பாலான தொகுப்புகளின் அடிப்படை ஒன்றே. இன்றைய படத்தில் ஒரு சதுரத் துண்டை எடுத்து, நாளைய அல்லது நாளை மறுநாளைய படத்தில் அது எங்கே மிக நன்றாகப் பொருந்துகிறது என்று தேடுவார்கள். குறுக்கு ஒட்டுறவு, அதாவது இரண்டு துண்டுகளும் ஒத்துப்போகும் அளவு, எங்கே உச்சமோ அதுவே பனி போய்ச் சேர்ந்த இடம். கேட்க எளிது. சிக்கல் அளவுகளில் இருக்கிறது.

பனி தானாக உமிழும் மைக்ரோவேவை அளக்கும் ஜப்பானியக் கருவியான ஏஎம்எஸ்ஆர்-2 ரேடியோமீட்டரை எடுத்துக்கொள்வோம். 36.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது ஒரு நேரத்தில் தரையில் காணும் பகுதி ஏறத்தாழ 7 × 12 கிலோமீட்டர். படத்தை 12.5 கிலோமீட்டர் கட்டத்தில் அமைக்கிறார்கள். நாளைக்கு 8 கிலோமீட்டர் போகும் பனி இரண்டு நாளில் 16 கிலோமீட்டர், அதாவது ஒன்றேகால் பிக்சல் போகிறது. முழு பிக்சல்களாக மட்டும் தேடினால் கிடைக்கக்கூடிய விடைகள் 0, 12.5, 25 கிலோமீட்டர் மட்டுமே. திசைவேகமாக மாற்றினால் ஒவ்வொரு படியும் நொடிக்கு 7.2 சென்டிமீட்டர். அளக்க வந்த வேகமே அவ்வளவுதான்! மூன்று நாள் இடைவெளி எடுத்தால் படி 4.8 சென்டிமீட்டராகக் குறையும். ஆனால் அந்த மூன்று நாளில் காற்று திரும்பிப் பனி வந்த வழியே போயிருந்தால் அது கணக்கில் வராது.

இதற்காகவே ஐரோப்பிய வானிலைச் செயற்கைக்கோள் அமைப்பின் ஓசை சாஃப் தொகுப்புகளில் தேடலைப் பிக்சல் பிக்சலாகச் செய்யாமல் தொடர்ச்சியான உகப்பாக்கமாக, அதாவது பிக்சல்களுக்கு இடைப்பட்ட இடங்களிலும் சிறந்த பொருத்தத்தைத் தேடிச் செய்கிறார்கள். பிக்சலின் சிறு பின்னம் அளவுக்கு நகர்வு பிடிபடுகிறது. இந்த வேலை நார்வே வானிலை நிறுவனத்தில் நடக்கிறது. கையில் கிடைத்த தொகுப்பு எந்த வகை என்று தெரியவில்லையா? நகர்வின் எக்ஸ் கூறுக்கு (கட்டத்தின் ஒரு அச்சுத் திசையில் போன தூரத்துக்கு), எந்த மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று காட்டும் பரவல் வரைபடத்தை ஒரு மாதத்துக்குப் போடுங்கள். சீப்புப் பல் மாதிரி தனித்தனி முனைகள் எழுந்து நின்றால் பிக்சல் படிகள் அதில் இன்னும் இருக்கின்றன. ஐந்து நிமிட வேலை, எந்தத் தொகுப்புக்கும் முதலில் இதைச் செய்துவிடுவது நல்லது.

மிதவைகள்

செயற்கைக்கோளைப் பற்றிப் பேசும்போது, பனிமேல் வைத்துவிட்டால் அதோடு நகர்ந்து தம் இடத்தைத் தெரிவிக்கும் மிதவைகள் எதற்கு? மற்ற எல்லாவற்றையும் அளந்து பார்க்கும் கோல் அவைதான். பன்னாட்டு ஆர்க்டிக் மிதவைத் திட்டத்தின் பதிவுகள் 1979 முதல் உள்ளன. தொடக்க காலத்தில் ஆர்கோஸ் செயற்கைக்கோள் வழியாக இடம் கண்டார்கள், பிழை சில நூறு மீட்டர். இப்போது ஜிபிஎஸ், பிழை சில மீட்டர். மணிக்கு ஒரு முறை இடம் தெரிவதால் வேறு எந்தத் தரவிலும் இல்லாத ஒன்று இதில் தெரிகிறது: துருவத்தருகே சுமார் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பனி சிறு வளையமாகச் சுற்றும் நிலைம அலைவு. கோடையில் பனி தளர்ந்திருக்கும்போது இது நன்றாகத் தெரியும்.

குறை என்னவென்றால் மிதவைகள் எங்கே இருக்கின்றனவோ அங்கே மட்டுமே தரவு. ரஷ்யப் பக்கக் கடல்களில் எப்போதும் அரிது. நிலைத்து நிற்கும் என்று நம்பித் தடித்த பல்லாண்டுப் பனியில் வைப்பது வழக்கம் என்பதால் மெல்லிய முதலாண்டுப் பனி குறைவாகவே பிரதிநிதித்துவம் பெறுகிறது. 1979 முதல் 2007 வரையான மிதவைப் பதிவுகளிலிருந்து, பனியின் வேகம் பத்தாண்டுக்குக் குளிரில் 17 சதவீதமும் கோடையில் 8.5 சதவீதமும் கூடியது என்று கண்டார்கள். அந்தக் கால மாதிரிகள் இந்த வேகமெடுப்பைக் காட்டவில்லை. பனி நகர்வை மாதிரி ஆட்கள் தீவிரமாகப் பார்க்கத் தொடங்கியதற்கு இந்தக் கண்டுபிடிப்பு ஒரு முக்கியக் காரணம்.

கரடுமுரடான படம், நீண்ட காலம்

மைக்ரோவேவ் ரேடியோமீட்டருக்கு இருட்டும் மேகமும் தடையில்லை. ஏஎம்எஸ்ஆர்-2 ஒரே கடவையில் (மேலே ஒரு முறை கடந்து போகும்போது) 1,450 கிலோமீட்டர் அகலத்தைப் பார்க்கிறது. ஆர்க்டிக் முழுவதும் தினமும் படமாகிவிடும். ஓசை சாஃபின் அன்றாடத் தொகுப்பு 62.5 கிலோமீட்டர் கட்டத்தில் 48 மணி நேர இடப்பெயர்ச்சியைத் தருகிறது. ரேடியோமீட்டர்களோடு, ரேடார் அலையை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கும் ஆஸ்காட் ஸ்காட்டரோமீட்டரும் அதில் பயன்படுகிறது. காலநிலை வேலைக்கென்றே மறுசெயலாக்கம் செய்த இன்னொரு பதிவு 75 கிலோமீட்டர் கட்டத்தில், 24 மணி நேர இடைவெளியில், 1991 முதல் 2020 வரை உள்ளது.

இந்த வகையில் எனக்குப் பெரிய நன்மையாகப் படுவது வேறு. ஓசை சாஃப் மிதவைத் தரவை உள்ளே கலப்பதில்லை. ஆகவே மிதவையோடு ஒப்பிட்டு அதன் பிழையை நேர்மையாக அளக்கலாம். ஒவ்வொரு திசையனோடும் (ஓர் இடத்தில் பனி போன தூரமும் திசையும்) அதன் நிச்சயமின்மையும், அது நேரடியாகக் கிடைத்ததா, அண்டைத் திசையன்களைக் கொண்டு திருத்தப்பட்டதா என்ற குறியும் சேர்ந்து வருகின்றன. தரவு உள்வாங்கலுக்கு, அதாவது ஓடும் மாதிரிக்குள் அளவீடுகளைச் செலுத்தித் திருத்துவதற்கு, இவை இல்லாமல் ஒரு அடி எடுத்துவைக்க முடியாது.

எங்கே தவறும்? மூன்று இடங்களில். முதலாவது கரையும் பனி விளிம்பும். பொருத்திப் பார்க்கும் துண்டின் அகலமே நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கும். அதற்குள் நிலமோ திறந்த கடலோ வந்தால் பொருத்தம் கெடும். இரண்டாவது வேகமான ஓட்டம். நாள் சராசரிப் படம் என்பது காலை, மாலைக் கடவைகளைக் கலந்து செய்தது. நாளைக்கு 24 கிலோமீட்டர் ஓடும் பனி ஆறு மணி நேரத்தில் 6 கிலோமீட்டர் போய்விடும். படத்தில் நேரமே ஆறு மணி தெளிவில்லாமல் இருந்தால் அந்த 6 கிலோமீட்டரும் பிழைக் கணக்கில் சேரும். கடவைக்குக் கடவை பொருத்தும் முறை இதைக் குறைக்கிறது, புதிய செயலாக்கங்கள் அந்தத் திசையில்தான் போகின்றன.

மூன்றாவது கோடை. மே மாதத்துக்குப் பிறகு பனிமேல் படிந்த பூம்பனி ஈரமாகிறது. மைக்ரோவேவுக்கு ஈரப்பனி என்றால் மேல்தோலிலேயே நின்றுவிடும் கருந்திரை. அடியிலுள்ள பழைய பனி, புதுப்பனி வேறுபாடு மறைந்துபோகும். உருகுகுளங்கள் ஒரு நாளில் தோன்றும், மறுநாள் வடியும். இன்றைய படத்தில் இருந்த அடையாளம் நாளை இருக்காது. 18.7 கிகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆனால் அதன் பிக்சல் இன்னும் பெரிது. செப்டம்பர் கடைசியில் மேற்பரப்பு மீண்டும் உறையும்வரை நேரடி அளவீடு மெலிந்தே இருக்கும்.

இட்டு நிரப்பிய தொகுப்பு

இங்கேதான் அமெரிக்காவின் தேசியப் பனித் தரவு மையமான என்எஸ்ஐடிசி வெளியிடும் போலார் பாத்ஃபைண்டர் தொகுப்பு கைகொடுப்பதாகத் தோன்றும். 1978 நவம்பர் முதல், நாள்தோறும், 25 கிலோமீட்டர் கட்டத்தில், பெரிய ஓட்டை எதுவும் இல்லாமல் கிடைக்கிறது. மாதிரி ஒப்பீடுகளில் இதைக் காணாத கட்டுரை குறைவு. நான்காம் பதிப்பு இப்போது பயன்பாட்டில் உள்ளது.

ஓட்டை எப்படி அடைபட்டது என்று பார்த்தால்தான் இதன் எல்லை புரியும். எஸ்எம்எம்ஆர், எஸ்எஸ்எம்ஐ, எஸ்எஸ்எம்ஐஎஸ் ரேடியோமீட்டர்கள், 2000 வரை ஏவிஎச்ஆர்ஆர் அகச்சிவப்புப் படங்கள், 2002 முதல் 2011 வரை ஏஎம்எஸ்ஆர்-2-இன் முன்னோடியான ஏஎம்எஸ்ஆர்-இ, கூடவே மிதவைகள், இவை எல்லாவற்றுக்கும் மேலாக அமெரிக்க வானிலை மையமான என்செப்பின் மறுபகுப்பாய்வுக் காற்றிலிருந்து (பழைய அளவீடுகளை வானிலை மாதிரியில் இட்டு மறுபடி உருவாக்கிய காற்று) கணக்கிட்ட பனி நகர்வு. இத்தனையையும் எடைபோட்டு இடைச்செருகல் செய்து ஒரே புலமாக்குகிறார்கள். ஆகவே 25 கிலோமீட்டர் என்பது கட்டத்தின் இடைவெளி மட்டுமே. தகவலின் பிரிதிறன் அதைவிடக் கரடானது. பல நாள்களில், பல செல்களில் (கட்டச் சதுரங்களில்), குறிப்பாகக் கோடையில், காற்றே பேசுகிறது.

காற்றும் பனியும் நெருங்கிய உறவு என்பது பழைய செய்திதான். 1893 முதல் 1896 வரை ஃபிராம் கப்பலைப் பனியில் உறையவிட்டு மிதந்த நான்சென், பனி காற்றின் வேகத்தில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கில், காற்றுத் திசைக்கு வலப்புறமாகச் சாய்ந்து போவதைக் கண்டார். கரையிலிருந்து விலகிய மத்திய ஆர்க்டிக்கில் பனி வேகத்தின் அன்றாட ஏற்ற இறக்கத்தில் எழுபது சதவீதத்துக்கும் மேல் புவிச்சுழற்சிக் காற்றால் (காற்றழுத்த வேறுபாட்டிலிருந்து கணக்கிடும் காற்று) விளக்கப்படுகிறது. ஆக, காற்றை வைத்து நிரப்புவது முட்டாள்தனமல்ல. சிக்கல் வேறு. மறுபகுப்பாய்வுக் காற்றால் இயங்கும் ஒரு மாதிரி, ஏறக்குறைய அதே காற்றைக் கொண்டு நிரப்பிய தரவோடு ஒத்துப்போனால் அது எதை நிரூபிக்கிறது? காற்று காற்றோடு ஒத்துப்போகிறது என்பதை மட்டும். மாதிரியின் காற்று இழுவைக் கெழுவை, அதாவது காற்று பனியை எவ்வளவு இழுக்கும் என்ற எண்ணை, கோடைத் தரவுக்கு ஏற்பச் சரிசெய்பவர்கள் இந்த வட்டத்துக்குள் தெரியாமலே நுழைந்துவிடுகிறார்கள். தேர்வு நடத்துபவரின் விடைத்தாளையே மாணவருக்குக் கொடுத்த கதை இது. ஓசை சாஃபின் காலநிலைப் பதிவிலும் கோடை இடைவெளியை ஐரோப்பிய மறுபகுப்பாய்வான ஈரா5-இன் காற்றைக் கொண்டுதான் நிரப்புகிறார்கள், ஆகவே அந்த மாதங்களுக்கு இதே எச்சரிக்கை பொருந்தும்.

இரண்டாவது சிக்கல் நீண்ட காலப் போக்கு. 1987 ஆகஸ்ட் வரை இயங்கிய எஸ்எம்எம்ஆர் ஒரு நாள் விட்டு ஒரு நாளே அளந்தது. பிறகு தினசரி அளவீடு. ஏஎம்எஸ்ஆர்-இ 2011 அக்டோபரில் நின்றது, ஏஎம்எஸ்ஆர்-2 ஏவப்பட்டது 2012 மே மாதம்தான். மிதவைகளின் எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. கருவி மாறும்போதெல்லாம் சராசரி வேகமும் சிறிது மாறும். பனி மெலிந்து வேகமெடுத்ததையும் கருவி மாறியதால் எண் எகிறியதையும் இந்தத் தொகுப்பை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. மூன்றாவது, முந்தைய பதிப்பில் மிதவை அருகிலுள்ள திசையன்கள் சுற்றுப்புறத்தோடு ஒட்டாமல் நின்று பொய்யான விரிவையும் குவிவையும் உண்டாக்கியதை 2016-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நான்காம் பதிப்பில் இதைச் சீர்செய்தார்கள். இருந்தாலும் இட்டு நிரப்பிய எந்தப் புலத்திலிருந்தும் விரிவு, சறுக்கு வீதங்களை (பனிப்பரப்பு விரியும், ஒன்றையொன்று உரசி நழுவும் வீதங்களை) கணக்கிடாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

அப்படியானால் இது எதற்கு? 1991-க்கு முந்தைய ஆண்டுகளுக்கு. பனியின் வயதைப் பின்தொடர்வது போலப் பல ஆண்டுப் பாதைகள் அறுபடாமல் தேவைப்படும் வேலைக்கு. பல்லாண்டுக் குளிர்காலச் சராசரி ஓட்டத்துக்கு. போக்கைச் சொல்வதானால் மிதவைகளோடு தனியாக ஒப்பிட்ட பிறகே சொல்லுங்கள். அந்த ஒப்பீடுகூடச் சார்பற்றது அல்ல, மிதவைகள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன.

விரிசலைப் பார்க்கும் ரேடார்

2013 பிப்ரவரி, மார்ச்சில் பியூஃபோர்ட் கடலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அலாஸ்காக் கரையிலிருந்து பேங்க்ஸ் தீவு நோக்கி வில் வில்லாக விரிசல்கள் கிளம்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பனிப்பரப்பு உடைந்தது. விரிசலின் ஒரு பக்கம் பனி கிட்டத்தட்ட நிற்கிறது, மறுபக்கம் ஓடுகிறது. இடைப்பட்ட அகலம் சில கிலோமீட்டர், சில இடங்களில் சில நூறு மீட்டர். நூறு கிலோமீட்டர்த் துண்டைப் பொருத்திப் பார்க்கும் முறையில் இது எப்படித் தெரியும்? கிழக்கிலிருந்து மேற்கே மெல்ல மெல்லக் கூடும் வேகமாக. விரிசல் இருந்த சுவடே இருக்காது.

காலநிலை மாதிரிக்கு அந்த விரிசல் ஏன் முக்கியம்? குளிர்காலத்தில் திறக்கும் ஒவ்வொரு விரிசலும் கடலின் வெப்பத்தை நேராக வானுக்கு விடுகிறது, அதில் புதுப்பனி உறைகிறது, உறையும்போது உப்பைக் கடலுக்குள் தள்ளுகிறது. பனியை ஒரே சீரான பாகுபோல நகர்த்தும் மாதிரி சராசரி வேகத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டு இந்த வெப்பத்தைத் தவறவிடலாம். 1979-இல் ஹிப்லர் முன்வைத்த பிசுக்கு-நெகிழி விதி (பனியை மெல்ல ஊர்ந்து, ஓர் எல்லைக்குமேல் நிரந்தரமாக உருமாறும் பொருளாகக் கொள்வது), அதன் மீள்தன்மை சேர்ந்த வடிவம், நொறுங்கும் பொருளாகப் பனியைப் பார்க்கும் நெக்ஸ்ட்சிம் போன்ற புதிய மாதிரிகள், இவற்றுள் எது மேல் என்று கேட்பவர்களுக்கு சார் ரேடார் (நுண்ணிய படமெடுக்கும் செயற்கைக்கோள் ரேடார்) ஒன்றே வழி.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நான்கு மூலைப் புள்ளிகளைப் பின்தொடர்ந்து ஒரு சதுரச் செல்லின் பரப்பு எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்போம். மூலைகளின் இடப்பிழைகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், விரிவு வீதத்தில் வரும் பிழை என்பது 1.41-ஐ இடப்பெயர்ச்சிப் பிழையால் பெருக்கி, செல்லின் பக்கத்தாலும் நாள்களாலும் வகுத்தது. ரேடாரில் பிழை 100 மீட்டர், பக்கம் 10 கிலோமீட்டர், இடைவெளி 3 நாள் என்றால் நாளைக்கு 0.5 சதவீதம். ரேடியோமீட்டரில் பிழை 2.5 கிலோமீட்டர், பக்கம் 62.5 கிலோமீட்டர், இடைவெளி 2 நாள் என்றால் நாளைக்கு 2.8 சதவீதம். பனியின் உண்மையான உருமாற்றமே நாளைக்குச் சில சதவீதம்தான். இரண்டாவது அளவீட்டில் சைகையும் இரைச்சலும் ஒரே உயரம்.

சாரில் இரண்டு தேர்வுகள் உள்ளன. ஒன்று ஆர்ஜிபிஎஸ்: 1995 நவம்பரில் ஏவப்பட்ட கனடாவின் ராடார்சாட்-1 படங்களிலிருந்து, நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் உருவானது. 1996 முதல் 2008 வரை, 10 கிலோமீட்டர் செல்கள், பொதுவாக மூன்று நாள் இடைவெளி. ஒவ்வொரு செல்லையும் குளிர்காலம் முழுக்க அது போகும் வழியெல்லாம் பின்தொடர்கிறார்கள். பனி உடையும் விதத்தைச் சோதிக்கும் மாதிரி ஒப்பீடுகள் பெரும்பாலும் இதன்மேல்தான் நிற்கின்றன. மேற்கு, மத்திய ஆர்க்டிக்கில் நன்றாக இருக்கும், மற்ற இடங்களில் மெலியும்.

மற்றது 2014 முதல் இயங்கும் ஐரோப்பாவின் சென்டினல்-1. அகலப் பட்டை முறையில் 400 கிலோமீட்டர் அகலம், 40 மீட்டர் பிக்சல், எச்எச், எச்வி என இரண்டு முனைவாக்கங்கள் (கிடையாக அனுப்பிய அலையைக் கிடையாகவும் செங்குத்தாகவும் பெறுவது). கோப்பர்நிகஸ் கடல் சேவை இதிலிருந்து 10 கிலோமீட்டர் கட்டத்தில் தயார்நிலைத் திசையன்களைத் தருகிறது. அது போதுமானால் அதையே எடுங்கள். போதாதவர்கள் படங்களை இறக்கித் தாங்களே செய்யலாம். பெர்கனில் உள்ள நான்சென் மையம் திறந்த மூலமாக வெளியிட்ட பைத்தான் நிரல் அதற்குப் போதும். வேலை வரிசை இதுதான்: வெப்ப இரைச்சலை நீக்கு, பின்சிதறலாக (பனியிலிருந்து திரும்பி வரும் ரேடார் ஆற்றலாக) அளவீடு செய், பிக்சலை 80 மீட்டராக்கு, இரண்டு படத்திலும் ஒரு லட்சம் அளவில் மூலைப்புள்ளிகளை (எளிதில் அடையாளம் தெரியும் புள்ளிகளை) கண்டு பொருத்து, முதல் சிறந்த பொருத்தத்தின் வேறுபாட்டுக்கும் இரண்டாவதன் வேறுபாட்டுக்கும் உள்ள விகிதம் 0.75-க்கு மேல் போனால் தள்ளு; மிஞ்சிய திசையன்களை முதல் ஊகமாகக் கொண்டு சீரான கட்டத்தில், துண்டைச் சுழற்றியும் பார்த்து, குறுக்கு ஒட்டுறவு போடு.

மூலைப்புள்ளிகளுக்கு எச்வி படமே சிறந்தது, எச்எச்சைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு திசையன்கள் தருகிறது. ஆனால் எச்வி சைகை பலவீனமானது. பட்டை ஐந்து உட்பட்டைகளால் ஆனது, அவற்றின் எல்லையில் இரைச்சல் கோடுகோடாகத் தெரியும். அந்தக் கோடு பனியோடு நகராது, செயற்கைக்கோளோடு சேர்ந்து வரும். நிரல் அதை அடையாளமாக எடுத்துக்கொண்டால் எல்லையை ஒட்டி ஒரு வரிசைத் திசையன்கள் ஒரே பக்கம் பொய்யாகச் சாயும். இரைச்சல் நீக்கத்தை முதல் படியாகச் சொன்னது அதற்காகத்தான். கப்பலும் பனிப்பாறையும் நகராத தீவும் இன்னொரு வகைத் தொல்லை, நிலமறையை (நிலப்பகுதியை மறைக்கும் வரைபடத்தை) சரியாகப் போட்டால் தீவுத் தொல்லை தீரும்.

ரேடாரின் உண்மையான விலை இடமும் நேரமும். ஒரு படம் சில நூறு எம்பி. ஒரு குளிர்காலம் முழு ஆர்க்டிக் என்றால் டெராபைட்டுகள். ஐரோப்பியப் பக்கத்தில் தினமும் படம் கிடைக்கும், பியூஃபோர்ட், சுக்சிப் பக்கத்தில் நாள்கள் இடைவெளி விழும். சென்டினல்-1பி 2021 டிசம்பரில் செயலிழந்ததும் இந்த இடைவெளி மோசமானது. 2024 டிசம்பரில் 1சி ஏவப்படும்வரை அப்படியே இருந்தது. 2019-இல் ஏவப்பட்ட மூன்று கனடியச் செயற்கைக்கோள்களின் படங்களைச் சேர்த்தால் மேற்குப் பக்கம் நிறையும். கோடையில் ரேடாரும் தடுமாறும், ஆனால் விரிசல் விளிம்பும் பனித்தட்டின் வடிவமும் தெரிவதால் ரேடியோமீட்டரைவிடத் தாக்குப்பிடிக்கும்.

2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய-அமெரிக்க ரேடார் செயற்கைக்கோள் நிசார் இந்த வேலைக்கு ஆகுமா என்று கேட்கிறார்கள். அதன் நீண்ட அலையான எல் பட்டை ஈரப்பனியில் சென்டினல்-1-இன் சி பட்டையைவிட நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நிசார் இடப்பக்கம் பார்க்கும்படி அமைக்கப்பட்டுள்ளது, அன்டார்க்டிகாவை நன்றாகக் காண்பதற்காக. வடக்கே துருவத்தைச் சுற்றிய பெரும்பகுதி அதன் பார்வைக்கு வெளியே விழுகிறது. தென்துருவக் கடற்பனிக்கு அது அருமையான கருவி, ஆர்க்டிக் நடுப்பகுதிக்கு நம்ப வேண்டாம்.

ஒப்பிடும்போது கை வழுக்கும் இடங்கள்

சரியான தரவை எடுத்த பிறகும் ஒப்பீடு கெட்டுப்போவது பெரும்பாலும் அச்சுத் திசையால். போலார் பாத்ஃபைண்டரின் இரண்டு கூறுகளும் கட்டத்தின் எக்ஸ், ஒய் திசைகளில் உள்ளவை. கிழக்கு, வடக்கு அல்ல. மாற்ற: கிழக்குக் கூறு = எக்ஸ் கூறு × கொசைன் தீர்க்கரேகை + ஒய் கூறு × சைன் தீர்க்கரேகை; வடக்குக் கூறு = ஒய் கூறு × கொசைன் தீர்க்கரேகை − எக்ஸ் கூறு × சைன் தீர்க்கரேகை. 90 பாகை கிழக்கில் நின்று சோதித்துப் பாருங்கள்: அங்கே கட்டத்தின் ஒய் திசைதான் கிழக்கு, எக்ஸின் எதிர்த்திசைதான் வடக்கு. அலகு நொடிக்குச் சென்டிமீட்டர். கரையோரச் செல்களில் பிழை மதிப்பீட்டு மாறி எதிர்மறையாக வரும், அது கரைப் பாதிப்பைச் சொல்லும் குறி.

மாதிரிப் பக்கமும் இதே பொறி உண்டு. பன்னாட்டு மாதிரி ஒப்பீட்டுத் திட்டமான சிஎம்ஐபி6-இன் கோப்புகளில் பனி வேகத்தின் இரு கூறுகளான எஸ்ஐயூ, எஸ்ஐவி மாறிகள் மாதிரியின் சொந்தக் கட்டத் திசையில் இருப்பவை. முத்துருவக் கட்டத்தில் (கட்டக் கோடுகள் மூன்று துருவங்களில் குவிவது) வட அரைக்கோளத்துத் துருவங்கள் இரண்டும் நிலத்தின்மேல் ஒதுக்கப்பட்டிருப்பதால், ஆர்க்டிக்கில் கட்டக் கோணம் செல்லுக்குச் செல் மாறும். கோணக் கோப்பு இல்லாமல் சுழற்ற முயலாதீர்கள். அது கிடைக்காவிட்டால் செல் மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து கோணத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வேகத்தை மாதச் சராசரித் திசையனிலிருந்து எடுப்பது அடுத்த தவறு. ஒரு பாதி மாதம் நாளைக்கு 10 கிலோமீட்டர் கிழக்கே, மறுபாதி 10 கிலோமீட்டர் மேற்கே போன பனிக்குச் சராசரித் திசையன் சுழி, சராசரி வேகமோ 10 கிலோமீட்டர். அன்றாடத் தரவிலிருந்து வேகத்தைக் கணக்கிட்டுப் பிறகே சராசரி எடுக்க வேண்டும். தரவு 48 மணி நேர இடப்பெயர்ச்சி என்றால், மாதிரியிலும் அந்தத் தொடக்கப் புள்ளியிலிருந்து 48 மணி நேரம் துகளை ஓடவிட்டுக் கடைசி இடத்தைப் பாருங்கள். மணிநேர வேகத்தோடு ஒப்பிட்டால் மாதிரி எப்போதும் வேகமாகவே தெரியும்.

உருமாற்றத்துக்கு அளவுத் திருத்தம் கட்டாயம். ஆர்ஜிபிஎஸ் தரவில் சராசரி உருமாற்ற வீதம் நீள அளவின் சுமார் −0.2 அடுக்காகக் குறைகிறது. 10 கிலோமீட்டரிலிருந்து 50 கிலோமீட்டருக்குப் போனால் எந்த இயற்பியலும் மாறாமலே வீதம் 28 சதவீதம் குறைந்துவிடும். 50 கிலோமீட்டர் மாதிரியை 10 கிலோமீட்டர் ரேடாரோடு நேராக வைத்து ‘மாதிரியில் பனி விறைப்பாக இருக்கிறது’ என்று சொல்வது அந்தப் பனிக்குச் செய்யும் அநியாயம். முதலில் தரவைக் கரடாக்குங்கள்.

காற்றும் கடலும் தாங்களே உருவாக்கிக்கொள்ளும் முழு இணைப்பு மாதிரிகளில் நாளுக்கு நாள் ஒப்பீடே பொருளற்றது. அவற்றின் 2007 செப்டம்பரும் நம் 2007 செப்டம்பரும் ஒன்றல்ல. பருவச் சுழற்சி, வேகப் பரவல், பனிச்செறிவும் தடிமனும் மாறும்போது வேகம் எப்படி மாறுகிறது என்ற உறவு, இவற்றை ஒப்பிடுங்கள்.

எந்த வேலைக்கு எது

நீண்ட காலச் சராசரி ஓட்டமும் குளிர்காலப் பருவச் சுழற்சியும் என்றால் ஓசை சாஃபின் 1991–2020 காலநிலைப் பதிவு, அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மட்டும். மிதவைகளை ஒதுக்கி வைத்துச் சோதனைக்குப் பயன்படுத்துங்கள். இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டிய முதுகலைத் திட்டத்துக்கும் இதையே சொல்வேன். தரவு உள்வாங்கலுக்கு ஓசை சாஃபின் அன்றாடத் தொகுப்பு, நேரடித் திசையன்கள் மட்டும், ஒவ்வொன்றின் நிச்சயமின்மையோடு. அண்டைத் திசையன்களின் தேடல் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் பிழைகள் தொடர்புடையவை. எல்லாவற்றையும் சார்பற்றவை என்று உள்ளே விட்டால் மாதிரி தரவை அளவுக்கு மீறி நம்பிவிடும். இரண்டு திசையனுக்கு ஒன்றாக மெலித்துக் கொடுப்பது எளிய மருந்து.

பனி உடையும் விதிக்கு ஆர்ஜிபிஎஸ், அல்லது ஒரே ஒரு குளிர்காலத்தை, ஒரே ஒரு கடலை எடுத்துக்கொண்டு சென்டினல்-1. முழு ஆர்க்டிக்குக்கு ஆசைப்பட்டால் வட்டு நிறையும், வேலை முடியாது. கோடைக்கு மிதவை, கிடைக்கும் இடத்தில் ரேடார், அவ்வளவே. நிரப்பிய புலத்தைக் காற்று இழுவைக்கு நீதிபதியாக்க வேண்டாம்.

ஃபிராம் நீரிணைக்குத் தனிக் கவனம் வேண்டும். ஆண்டுதோறும் ஆர்க்டிக் பனிப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே வாசலால் போகிறது. எந்தக் குறுக்குக் கோட்டில், எந்த ஆண்டுகளுக்கு, எந்தத் தரவால் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து வெளியான சராசரிகள் ஆண்டுக்கு 7 லட்சம் முதல் 9 லட்சம் சதுர கிலோமீட்டர் வரை வேறுபடுகின்றன. நீரிணையில் பனி மூடிய அகலம் 300 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு வெறும் 1 சென்டிமீட்டர் ஒருபக்கப் பிழை ஆண்டுக்கு 95,000 சதுர கிலோமீட்டராகப் பெருகும். ரேடியோமீட்டரின் பலவீனங்களான கரை, விளிம்பு, வேகம் மூன்றும் கூடும் இடம் இதுவே, வேகத்தைக் குறைத்துக் காட்டும் பக்கமே அது சாயும். 2014-க்குப் பிறகான ஆண்டுகளுக்கு சென்டினல்-1 திசையன்களை 79 பாகைக் கோட்டில் எடுத்து, அதே நாள்களின் ரேடியோமீட்டர் வேகத்தோடு வேகவாரியாகப் பிரித்து ஒப்பிட்டு, கிடைக்கும் திருத்தத்தைக் கொண்டு 1991 வரை பின்னோக்கிப் போகலாம். திருத்தத்தை ஒரே எண்ணாகப் போடாதீர்கள்: மெதுவான நாள்களில் பிழை சிறிது, புயல் நாள்களில் பெரிது, ஆண்டு வெளியேற்றத்தின் கணிசமான பங்கு அந்தப் புயல் நாள்களில்தான் நடக்கிறது.